கரண்டு கம்பத்துக்கு ஓர் அஞ்சலி

கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு மின்சாரம் சுமந்துவந்த கரண்டு கம்பம் பணியை முடித்துக்கொண்டது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில், அது தாங்கிநின்ற கம்பிகளுக்குப் பதிலாக மண்ணுக்குள் கேபிள் இறங்கியது.

சிமென்ட் உடம்பு, உச்சியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பீங்கான் குமிழ்கள், இடுப்பில் பெயின்டால் எழுதிய எண். வழி கேட்டு வருகிறவரிடம் 'போஸ்டுக்கு எதிர் வீடு' என்றால் போதும். திருவிழா சீரியல் செட்டுக்கும், காணாமல் போனவரைத் தேடும் நோட்டீசுக்கும் அதுதான் இடம் கொடுத்தது. கடலோரத்தில் அதன் பிழைப்பு சுலபமாக இருந்ததில்லை. உப்புக்காற்று கம்பியை அரிக்கும். பீங்கானில் படிந்த உப்பு முதல் தூறலில் நனைந்ததும் மின்சாரம் அதன் வழியே கசிந்து, படபடவென்று பொறி பறக்கும். தெருவே இருண்டுபோகும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மரம் கம்பியின் மேல் சாயும், இழுபட்ட கம்பி அடுத்த கம்பத்தை முறிக்கும், வரிசையே சரியும். கஜாவில் விழுந்த கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்ஊழியர்கள், லாரி போகாத சேற்றில் புதுக் கம்பங்களைத் தோளில் சுமந்தார்கள். அந்த வேலையில் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. கம்பத்துக்குச் செலுத்தும் அஞ்சலியில் பாதி, அதில் ஏறியவர்களுக்கு உரியது.

புதைத்த கேபிளைக் காற்று அசைக்காது. ஆனால் செலவு பல மடங்கு. பழுதானால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட வேண்டும். கேபிளிலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பில்லர் பாக்ஸ் வெள்ளம் ஏறாத உயரத்தில், பூட்டிய கதவோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் இருந்த ஆபத்து காலடிக்கு வந்துவிடும். இத்தனையையும் கணக்கில் வைத்தாலும் புயல் பாதையில் கேபிளே சரி.

கஜாவின் போது வாரக்கணக்கில் இருளில் கிடந்தவை கிராமங்கள். அங்கே இன்னும் கம்பங்கள்தான் நிற்கின்றன. அடுத்த புயலும் அவற்றின் வழியாகத்தான் வரப்போகிறது. எல்லாவற்றையும் புதைக்கப் பணமில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார், புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றுக்குப் போகும் லைன்களையாவது முதலில் புதைக்க வேண்டும். நகரத்துக் கம்பத்துக்குக் கிடைத்த ஓய்வு கிராமத்துக் கம்பத்துக்கும் கிடைக்கட்டும், புயல் வந்து முறித்துப்போடுவதற்கு முன்பே.