பன்னிரண்டு நாற்காலி

1995 ஜூன் மாதம் கியூபா அரசு ஒரு விதி போட்டது. வீட்டில் சமைத்து, வீட்டிலேயே மேஜை போட்டுப் பரிமாறிக் காசு வாங்க விரும்புகிறவர்கள் உரிமம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 12 நாற்காலிக்கு மேல் கூடாது.

ஏன் 12? பத்து இல்லை, இருபது இல்லை. இந்தக் கேள்வியில்தான் நான் இந்த விஷயத்துக்குள் மாட்டிக்கொண்டேன். மற்றவர்கள் எழுதிய நிரல்களில் இப்படிக் காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் எண்களை இருபது வருஷமாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பயம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1968 மார்ச்சில் ஃபிடல் காஸ்ட்ரோ ‘புரட்சிகரத் தாக்குதல்’ என்று ஒன்றை அறிவித்தார். பெரிய ஆலைகளும் கரும்புத் தோட்டங்களும் ஏற்கெனவே அரசு வசம் போய்விட்டன. மிச்சம் இருந்தவை பெட்டிக்கடை, மதுக்கடை, சலூன், தெருவோரத் தின்பண்டக் கடை போன்றவைதான். 55,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தொழில்களை அரசு எடுத்துக்கொண்டது. அதன்பிறகு வெளியே சாப்பிடுவது என்றால் அரசு உணவகம், வீட்டில் சாப்பிடுவது என்றால் ‘லிப்ரேத்தா’. இது 1962-லிருந்து இருக்கும் ரேஷன் அட்டை. நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரிதான், ஆனால் அரிசி சர்க்கரையோடு நிற்காமல் முட்டை, இறைச்சி வரைக்கும் அதில் வரும்.

சோவியத் யூனியன் இருக்கும்வரை இது எப்படியோ ஓடியது. 1991-ல் அது உடைந்ததும் எண்ணெய் கப்பல்கள் நின்றன, மின்சாரம் நின்றது, பேருந்து நின்றது. பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அரசு இதற்கு ‘சிறப்புக் காலம்’ என்று பெயர் வைத்தது (அரசுகளுக்குப் பெயர் வைக்கத் தெரியும்!). சாத்துக்குடியைவிடப் பெரிதாக, பம்ப்ளிமாஸ் மாதிரி இருக்குமே கிரேப்ஃப்ரூட், அதன் தோலை ஊறவைத்து, மசாலா தடவி, இறைச்சித் துண்டு மாதிரி பொரித்துத் தின்றார்கள். 1992-93-ல் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. சத்துக்குறைவு அதற்கு முக்கியக் காரணம்.

இந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு பிரேசில் தொடர் ஓடியது. பெயர் ‘வாலே தூதோ’. ‘எதுவும் செல்லும்’ என்று பொருள். ரெஜினா துவார்த்தே நடித்த ரக்கேல் என்ற பாத்திரத்தை அவளுடைய மகளே ஏமாற்றி, வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவாள். கையில் ஒன்றுமில்லாமல் ரியோ வந்த ரக்கேல் கடற்கரையில் சாண்ட்விச் விற்று, மெல்ல மெல்ல முன்னேறி உணவகம் வைப்பாள். அதன் பெயர் ‘பலதார்’. நாவின் ருசி என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் பலதாரச் சமாச்சாரம் மாதிரித் தெரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் இருந்த ராத்திரிகளில் நாடே இதைப் பார்த்தது. தங்கள் வீட்டு முன்னறையில் கள்ளத்தனமாக இரண்டு மேஜை போட்டவர்கள், அதைப் பலதார் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். சட்டம் வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. 1993 செப்டம்பரில் சுயதொழிலுக்கு அனுமதி வந்தபோது இவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். டிசம்பரிலேயே உணவகங்களுக்கு மட்டும் தடை. திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்கள். 1994 கோடையில் ஹவானா கடற்கரைச் சாலையில் கலகம் வெடித்தது. பிறகு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கட்டுமரத்திலும் லாரி டியூபிலும் அமெரிக்கா நோக்கிக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் வந்ததுதான் அந்த 12 நாற்காலி விதி.

அதோடு வேறு நிபந்தனைகளும் இருந்தன. வெளியாளைக் கூலிக்கு வைக்கக்கூடாது, குடும்பத்தார் மட்டும்தான். மாட்டிறைச்சி, இறால், சிங்கி இறால் பரிமாறக்கூடாது. வாங்கிய பொருளுக்கெல்லாம் ரசீது வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் ஒரு தொகை கட்டியாக வேண்டும்.

அரசுக்குச் சமையல் மேல் பயம் இல்லை, யாரோ ஒருவர் பணக்காரர் ஆகிவிடுவாரோ என்றுதான் பயம். அடுப்படியில் புரளும் பணத்தை எண்ண முடியாது. நாற்காலியை எண்ணலாம். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றே எண்ணிவிடலாம். 12 என்பது வருமான உச்சவரம்பின் வேஷம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எண்ணக்கூடிய பொருளை மறைப்பது சுலபம், இல்லையா? உள்ளறையில் இன்னொரு மேஜை முளைத்தது. பரிமாறுபவர் எல்லாரும் திடீரென்று ஒன்றுவிட்ட தம்பி, அத்தை மகள் ஆனார்கள். மெனு அட்டையில் இல்லாத சிங்கி இறாலைப் பணியாள் காதோடு சொல்வார். தெருவில் நிற்கும் தரகர் சுற்றுலாப் பயணியைக் கூட்டிவந்தால் கமிஷன், அது பில்லில் ஏறும்.

பெரிய சிக்கல் மளிகை. மொத்த விலைக் கடை கிடையாது. டாலர் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி விற்றால் கட்டாது. ஆகவே அரசு ஹோட்டல் சமையலறையிலிருந்து எண்ணெயும் சீஸும் பின்வாசல் வழியாக வந்தன. இப்படி வருவதற்கு அங்கே ‘இடது பக்கமாக’ வந்தது என்று சொல்வார்கள். இடதுசாரி நாட்டில் கள்ளச் சந்தைக்கு இந்தப் பெயர்! ஆக, உரிமத்தைச் சுவரில் மாட்டிய பிறகும் அந்த வீடு பாதி தலைமறைவாகத்தான் இருந்தது. யாரை வேண்டுமானாலும், என்று வேண்டுமானாலும் மூடிவிடலாம், எல்லார் மேலும் ஏதோ ஒரு குற்றம் தயாராக இருந்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் உறுத்துவது இதுதான்.

சரி, யார் சாப்பிட்டார்கள்? சராசரி மாதச் சம்பளம் 200 பேசோவுக்குக் கீழே. 1994-ல் கள்ளச் சந்தையில் ஒரு டாலர் 100 பேசோவைத் தாண்டியது. மாதச் சம்பளமே இரண்டு டாலர் தேறாதவர் டாலர் பலதாருக்குள் எப்படி நுழைவார்? அவருக்கு இருந்தது வீட்டு வாசலில் பேசோவுக்கு விற்ற ‘காஹித்தா’, அதாவது அட்டைப்பெட்டிச் சாப்பாடு. சோறு, கறுப்பு அவரை, கொஞ்சம் பன்றிக்கறி. ஸ்பூன் கிடையாது. பெட்டி மூடியில் ஒரு துண்டைக் கிழித்து மடக்கி, அதையே கரண்டியாக்கிச் சாப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பலதார் கட்டுரைகளில் இந்தப் பெட்டி அதிகம் வருவதில்லை.

வருவது லா குவாரிதா. 1993-ல் வந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ‘ஸ்ட்ராபெரியும் சாக்லேட்டும்’ படத்தை எடுத்த அதே பழைய மாளிகையில், 1996-ல் திறந்தது. இன்றும் உலகப் புகழோடு நடக்கிறது.

பிற்பாடு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். 2010-ல் 20 நாற்காலி, வெளியாளை வேலைக்கு வைக்கலாம். 2011-ல் 50. 2016 மார்ச்சில் ஹவானா வந்த ஒபாமா குடும்பத்தோடு ஒரு பலதாரில் சாப்பிட்டார். அதே வருஷக் கடைசியில் ஹவானாவில் புதிய உணவக உரிமங்களை நிறுத்திவைத்தார்கள். 2021-ல்தான் தனியார் நிறுவனமாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டம் வந்தது, 100 ஊழியர் வரை. இப்போது எண்ணப்படுவது நாற்காலி அல்ல, ஆட்கள்.