களபலி: கூத்திலும் கணினியிலும்

மரக்காணத்து உப்பளக் கரையை உள்ளடக்கிய விழுப்புரம் வட்டாரம், திரௌபதியம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் வேரூன்றிய நிலம். அங்கு ஆடப்பெறும் கூத்துகளுள் ஒன்று 'அரவான் களபலி'. பாண்டவர் வெற்றிக்காக அருச்சுனன் மகன் அரவான் காளிக்குப் பலியாகிறான். வியாச பாரதத்தில் எட்டாம் நாள் போரில் மடியும் வீரன் அவன். களபலிக் கதையோ 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே காணக் கிடைக்கிறது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஷைனி என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய 'சாக்ரிஃபைஸ்' என்னும் கணினி விளையாட்டின் பெயருக்கும் பலி என்பதே பொருள். இதில் ஆடுபவர் மேலிருந்து படை நகர்த்துபவர் மட்டுமல்லர். மந்திரவாதியாகக் களத்தில் நின்று தாமும் பொருகிறார். வீழ்ந்த உயிரிகளின் ஆன்மாக்களைத் திரட்டிப் புதிய படை எழுப்புகிறார். பகைவனின் பலிபீடத்தைக் குலைக்கத் தம் படையில் ஒன்றையே அங்குப் பலியிடுகிறார்.

இரண்டிலும் கணக்கு ஒன்றே: வெற்றிக்கு விலை, தன்னைச் சார்ந்த ஓர் உயிர். ஆனால் விளையாட்டில் பலியானதன் இடத்தை அடுத்தது நிரப்பிவிடுகிறது. கூத்தில் அரவான் வரம் கேட்கிறான். பதினெட்டு நாள் போரையும் காண அவன் தலை விழித்திருக்கிறது. வெற்றிக்கு விலையானவனையே அதற்குச் சாட்சியாகவும் வைத்ததில் இருக்கிறது நம் கூத்து மரபின் அறம்.