தோலும் நூலும்: ஒரு தையலின் வரலாறு

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அவர்களின் துணைவியரில் முதலில் இறையடி சேர்ந்தவர் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). ஆண்டு ஹிஜ்ரி 20. துணைவியரில் கை நீண்டவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபியவர்கள் முன்பே கூறியிருந்தார்கள். கையின் நீளம் என்பது கொடையே என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கிற்று. அன்னையார் தம் கையால் தோல் பதனிட்டார், தைத்தார், ஈட்டியதைத் தர்மம் செய்தார்.

தமிழகத்தில் இத்தொழில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் வேரூன்றியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டின் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றது. தோல் நம்முடையது; காலணி தைத்தவர்கள் பிறர். 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1973-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, முழுமை பெறாத தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பின்னரே இவ்வூர்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. நூல் தேர்வும் நம்மவரின் அன்றாடக் கவலையாயிற்று.

துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்லும். தோலில் விழுந்த துளையோ மூடாது. நூலின் எண்ணும் புதியவரைக் குழப்பும். ஒரு ராத்தல் எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பழைய பருத்திநூல் கணக்கு. எனவே எண் கூடக்கூட நூல் மெலியும். இன்றைய டிக்கெட் எண்ணும் அவ்வாறே. டெக்ஸ் கணக்கு இதற்கு நேர்மாறானது: 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே எண். காலணியின் மேற்பகுதிக்கு ஏறத்தாழ 70 டெக்ஸ் நைலான் நூலும் 110 எண் ஊசியும் பொருந்தும். ஊசியின் 110 என்பது 1.1 மில்லிமீட்டர் தடிமன். கனத்த பைக்கும் வாருக்கும் 135 டெக்ஸ் நூலும் 140 எண் ஊசியும் வேண்டும். நூலுக்கு ஊசி சிறுத்தால் நூல் உராய்ந்து பிரியும். பெருத்தால் துளை வாய்திறந்து நிற்கும். தையலை மிக நெருக்கினால் தபால்தலையின் ஓரம்போல் தோல் கிழியும்.

மெல்லிய நூலிட்டு மிச்சம்பிடிப்பவரின் பிழை கடையில் தெரியாது. மாதங்கள் சென்றே தெரியும். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாயும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டு, நபியவர்கள் அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகிறது. மறைவான தையலும் ஓர் அமானிதமே.

அமானிதம் வாங்குபவருக்கும் உண்டு. ஆம்பூர்ப் பகுதியில் வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்கள், சோடிக்கு இவ்வளவு என்னும் சிறு கூலியே பெறுகின்றனர். சிவகாசியிலோ விருதுநகரிலோ ஆமத்தூரார் புரட்டிப் பார்த்து வாங்கும் காலணியிலும் இத்தகைய கைகளின் உழைப்பு இருக்கலாம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உழைப்பவருக்கு உரியதைக் கொடுப்போராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.