இரண்டு 'வி'யும் ஒரு வெட்டிவேரும்

காரமடையிலிருந்து பேசறேன். ஸ்கிராபிள் ஆடுறவங்களுக்கு 'வி' கையில வந்தாலே தலைவலி. அந்த எழுத்தை வெச்சு இரண்டெழுத்துச் சொல் ஒண்ணுகூடக் கிடையாது. எழுத்துக் கணக்கை இப்படிப் போட்டது யாரு?

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில நியூயார்க்கில் வேலை இழந்த கட்டட வடிவமைப்பாளர், ஆல்ஃபிரட் பட்ஸ். செய்தித்தாளை விரிச்சு வெச்சு, எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணினார். அடிக்கடி வர்ற 'ஈ'க்கு 12 கட்டை, 1 புள்ளி. அரிதான 'க்யூ'வுக்கு ஒரே கட்டை, 10 புள்ளி. 'எஸ்' நிறைய வரும். ஆனா பன்மையாக்கியே ஜெயிச்சுடுவாங்கன்னு 4 கட்டையோட நிறுத்திட்டார். 'வி'க்கு 2 கட்டை, தலா 4 புள்ளி. 1948-ல ஜேம்ஸ் புரூனோ இதுக்கு ஸ்கிராபிள்னு பேர் வெச்சார்.

சரி, இரண்டு 'வி'யும் உங்ககிட்டயே வந்துட்டா? வெட்டிவேர்! நாட்டு மருந்துக் கடையில வாங்கித் தண்ணிப் பானையில போடுறோமே, அதேதான். தமிழிலிருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. வி, ஈ, டி, ஐ, வி, ஈ, ஆர். எழுத்துகளுக்கு 13, ஏழு கட்டையையும் ஒரே தடவையில வெச்சதுக்கு 50. மொத்தம் 63.

இங்கிலீஷ் மீடியம் படிக்கலைன்னு இந்த ஆட்டத்துப் பக்கமே வராதவங்களை எனக்குத் தெரியும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாமே அந்த அகராதிக்குள்ள போயாச்சுங்க. அடுத்த தடவை சொல் சிக்கலைன்னா, நம்ம வீட்டுச் சமையக்கட்டையும் ஒருக்கா தேடிப் பாருங்க.