ஏழாவது அண்ணனின் கறி

1970-ல் சிவாஜி நடித்து வெளிவந்த படம் 'வியட்நாம் வீடு'. கதையில் வியட்நாமும் கிடையாது, வியட்நாம்காரரும் கிடையாது. குடும்பத்துக்குள் தினம் ஒரு சண்டை... அதனால் அந்தப் பெயர்! பேப்பரைப் பிரித்தால் குண்டுவீச்சும் பிணங்களுமாக இருந்த காலம் அது. நமக்கு வியட்நாம் என்றால் யுத்தம், அவ்வளவுதான். 1975-ல் யுத்தம் முடிந்துபோனது. ஆனால், 1994-ல் பிரபு நடித்து 'வியட்நாம் காலனி' வந்தபோதும் அந்தப் பெயருக்கு நம்மிடம் இருந்த அர்த்தம் அடிதடிதான்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான வியட்நாம் வீடுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் நகரத்தார் வீடுகள். செட்டிநாட்டின் அந்தச் செல்வத்தில் பர்மா, இலங்கை, மலேயாவோடு சைகோன் பணமும் கலந்திருக்கிறது.

1859-ல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. பிறகு மேக்கோங் டெல்டாவில் கால்வாய் வெட்டி, சதுப்பு நிலத்தை நெல்வயல் ஆக்கினார்கள். விதைக்கவும் அறுக்கவும் விவசாயிக்குக் கையில் காசு வேண்டுமே? பெரிய வங்கிகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நம் செட்டியார்கள். 'கொண்டுவிக்கப் போறது' என்பது ஊர்ப்பேச்சு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு கடைக்கு ஒரு படை. மனைவி, மக்கள் ஊரில். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும் வரை கிட்டங்கியில் வாசம். சாப்பாடு? சமைக்கவும் ஊரிலிருந்தே ஆள் போனது!

செட்டியார்கள் மட்டுமில்லை. பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குப் போன புதுச்சேரி, காரைக்கால்காரர்கள், துணிக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள், மாடு வளர்த்துப் பால் விற்றவர்கள் என்று சைகோனில் பல தரப்புத் தமிழர்கள் இருந்தார்கள்.

சரி, அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள்?

அவர்கள் வைத்த பெயர் 'சா வா'. ஜாவா என்பதன் திரிபு. எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன, கறுத்த தோலா... ஜாவாக்காரன்! சைகோனின் சோலோன் பகுதியில் ஒரு பாலத்துக்கே அந்தப் பெயர். இன்னொரு பெயரும் உண்டு. தென் வியட்நாமில் வீட்டுப் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். சீனர்களை 'மூணாவது சித்தப்பா' என்றவர்கள், நம்மை 'ஏழாவது அண்ணன்' ஆக்கிவிட்டார்கள். கேலியும் உறவும் பாதிப் பாதி கலந்த பெயர்.

1930-களில் கேலி கசப்பானது. உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை தரைக்கு வந்தது. கடன் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த வயல்கள் செட்டியார்கள் கைக்குப் போயின. நமக்கு அது லேவாதேவி. நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு? செட்டி என்றால் ரத்தம் உறிஞ்சும் வட்டிக்காரன் என்ற கோபம் அங்கே வேர்விட்டது இப்படித்தான். அந்தக் கோபத்தை முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால், அதே வீட்டு அடுப்படியில் வேறொரு கதை நடந்தது. அங்கே 'கா ரி' என்று ஒரு குழம்பு. ஆமாம், நம்ம கறியேதான்! மஞ்சள், மல்லி, சீரகம் சேர்ந்த பொடி, கோழி, தேங்காய்ப்பால். அதோடு எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு கரண்டி மீன் சாறு. தொட்டுக்கொள்ள பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ரொட்டி. கல்யாணம், விருந்து என்றால் இது உண்டு. முன்னோர்களின் திதி நாளில் படையலிலும் வைக்கிறார்கள். வட்டிக்காரன்மீது கோபம் இருந்தது. அதற்காகக் கறியைக் கீழே கொட்டிவிடவில்லை.

நாம் அந்த அளவுக்குத் தாராளமாக இருந்தோமா? புதுச்சேரியில் இருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்திலும் உத்தியோகத்திலும் இருந்த தமிழர்களை மணந்து வந்த வியட்நாமியப் பெண்களோடு, 'சாயோ' என்கிற பொரித்த சுருளும் சில வீடுகளில் நிரந்தரமாகக் குடியேறியது. மற்ற நமக்கெல்லாம் வியட்நாம் சாப்பாடு என்றால் முகம் சுளிப்புதான்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து பழைய சைகோனான ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. தாத்தாக்கள் வாரக்கணக்கில் கப்பலில் போன ஊருக்குப் பேரன்கள் சில மணி நேரத்தில் போய் இறங்கினார்கள். ஆனாலும் முதல் கேள்வி மாறவில்லை... 'அங்கே நாய், பாம்பெல்லாம் திம்பாங்களாமே?'

நாய்க்கறி சாப்பிடுகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் வடக்கே. அதைக் கைவிடச் சொல்லி 2018-ல் ஹனோய் நகர நிர்வாகமே மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அன்றாடச் சாப்பாடு சோறு, கீரை, மீன், நூடுல்ஸ் சூப். மீன் சாற்றை 'அழுகின மீன்' என்று பிரெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறப்போட்டு இறக்குவது அது. கருவாட்டுக் குழம்பு வாசத்துக்கு வாடகை வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிய நாம் சிரிக்கலாமா?

இன்னொன்று தெரியுமா? அங்கே பௌத்தக் குடும்பங்கள் பலவற்றில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். நம் அமாவாசை, பௌர்ணமி மாதிரி! அந்த நாட்களுக்கென்றே சைவக் 'கா ரி'யும் இருக்கிறது.

1975-க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். சைகோனில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் அங்கேயே இருக்கின்றன. மாரியம்மனுக்கு ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்தான்.

அடுத்து திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் புளியோதரையை மூட்டை கட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வேளையாவது அந்த ஊர்க் கடையில் உட்கார்ந்து 'கா ரி' என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.