தரையில் உட்கார்ந்த அப்பா

எச்.ஜி. வெல்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது கால இயந்திரம், செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பு, கண்ணுக்குத் தெரியாத மனிதன். இவற்றையெல்லாம் எழுதிப் பேரும் பணமும் சம்பாதித்த பிறகு, 1911ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ‘ஃப்ளோர் கேம்ஸ்’ என்று பெயர். வேற்றுக் கிரகம் எதுவும் அதில் கிடையாது. வீட்டுத் தரையில் தானும் தன் இரண்டு பையன்களும் என்னென்ன விளையாடுகிறார்கள் என்பதுதான் மொத்தப் புத்தகமும்.

மூத்தவன் ஜார்ஜ் பிலிப், 1901ல் பிறந்தவன், வீட்டில் ஜிப். இளையவன் ஃபிராங்க், 1903. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் சாண்ட்கேட் என்ற ஊரில் இருந்தது அவர்கள் வீடு. வடிவமைத்தவர் வாய்ஸி என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். கதவுகளில் இதய வடிவம் வைப்பது வாய்ஸியின் வழக்கம். வெல்ஸுக்கு அது பிடிக்கவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பி, சீட்டுக்கட்டு ஸ்பேடாக மாற்றச் சொன்னார். வீட்டுக்கு ஸ்பேடு ஹவுஸ் என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தக் காலத்து வசதியான ஆங்கிலேய வீடுகளில் பிள்ளைகள் வளர்வது தனி அறையில், ஆயாவின் பொறுப்பில். மாலைத் தேநீருக்குப் பிறகு தலைவாரி, சட்டை மாற்றி, கொஞ்ச நேரம் அப்பா அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெல்ஸ் வீட்டிலும் ஆசிரியை உண்டு. 1908ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மதில்ட் மேயர், பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் இந்த வீட்டில் அப்பாவும் தரையில் முழங்காலிட்டுத் தவழ்ந்தார்.

எப்படிப்பட்ட தரை வேண்டும் என்பதிலிருந்தே புத்தகம் ஆரம்பிக்கிறது. லினோலியமோ கார்க் விரிப்போ போட்டிருக்க வேண்டும்; பொம்மைகள் சாயாமல் நிற்க வேண்டும்; சாக்பீஸ் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும்; மற்ற அறைகளுக்குப் போகிறவர்கள் குறுக்கே நடக்கக் கூடாது. சாமான்கள் நான்கே வகை: பொம்மைச் சிப்பாய்கள், மரக்கட்டைகள், பலகைகள், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலும் அதன் தண்டவாளமும். கட்டைகளின் அளவைக்கூட விட்டுவைக்கவில்லை: நீளம் நாலரை அங்குலம், அகலம் இரண்டேகால், கனம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விளையாடும் வயதைத் தாண்டிவிட்ட நண்பர்கள் கொடுத்த கட்டைகள் அவை. கடையில் விற்கும் குட்டிக் கட்டைகள் மீது வெல்ஸுக்கு அப்படியொரு இளக்காரம். கடைக்காரர்கள் மீது இன்னொரு புகாரும் உண்டு: எங்கே போனாலும் சிப்பாய்களையே விற்கிறார்கள், சாதாரண ஊர் ஜனங்களைப் பொம்மையாகச் செய்து தர ஆளில்லை என்று.

விளையாட்டு இரண்டு. ஒன்றில் தரை கடல், பலகைகள் தீவுகள். கப்பலில் போய் இறங்கி, புது நாடு கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கால ஏகாதிபத்திய வாசனை அதில் தூக்கலாகவே இருக்கும். இரண்டாவது, நகரம் கட்டுவது. நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பையன்கள் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் அமைப்பார்களே, ஏறக்குறைய அதே வேலை. ஆனால் இங்கே எப்போதும் ஒட்டி ஒட்டி இரண்டு நகரங்கள். காரணம் எளிது: இரண்டு பையன்களுக்குமே மேயராக வேண்டும். புத்தகத்தில் அவர்கள் செல்லப் பெயரில் வருவதில்லை, ஜி.பி.டபிள்யூ., எஃப்.ஆர்.டபிள்யூ. என்று முனிசிபல் கவுன்சிலர்கள் மாதிரி முதலெழுத்துகளோடு வருகிறார்கள். வெல்ஸ் பிள்ளைகளைக் கேலி செய்யவில்லை. மேயர்களை மேயர்களாகவே மதித்தார். இந்தப் புத்தகத்தின் அழகே அதுதான்.

வெல்ஸின் சொந்தச் சிறுவயது வேறு மாதிரி. அப்பா ஜோசப் வெல்ஸ் ப்ரோம்லியில் பீங்கான் கடை வைத்திருந்தார்; கூடவே கிரிக்கெட் மட்டையும் விற்றார். வியாபாரத்தைவிடப் பந்துவீச்சு நன்றாக வந்தது. 1862ல் கென்ட் அணிக்காக, சஸெக்ஸுக்கு எதிராக அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தவர் அவர். 1877ல் கால் முறிந்தது, ஆட்டமும் போயிற்று, அதில் வந்த காசும் போயிற்று. அம்மா சாரா ஒரு மாளிகையில் வீட்டு நிர்வாகி வேலைக்குப் போக, பையனை ஜவுளிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் வெல்ஸ் என்று சொல்லிவிடலாம். படித்துப் பார்த்தால், கொடுத்ததைவிடத் தான் எடுத்துக்கொண்டதே அதிகம் என்று தோன்றும்.

1913ல் வந்த அவருடைய பொம்மைப் போர்ப் புத்தகம் ‘லிட்டில் வார்ஸ்’ அதை உறுதி செய்கிறது. இது பையன்களைத் தாண்டி, பெரியவர்களின் விளையாட்டாகிவிட்டது. அதற்கு வழிவிட்டது ஒரு பொம்மைத் தொழில். 1893ல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் ஈயச் சிப்பாய்களை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது. அதுவரை ஜெர்மன் பொம்மைகளின் கையில் இருந்த சந்தை மெல்ல மாறியது. படைகளைக் கூட்டமாக வாங்கி நிறுத்த முடிந்தது அதனால்தான். அவற்றோடு வந்தது, சுருள்வில் வைத்த பீரங்கி. ஓர் அங்குல மரத்துண்டை எறியும்; ஒன்பது கஜ தூரத்திலிருந்து பத்துக்கு ஒன்பது தடவை சிப்பாயை வீழ்த்திவிடலாம் என்று பெருமைப்படுகிறார் வெல்ஸ்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நண்பர் அந்தப் பீரங்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட்டாராம். ஜே.கே.ஜே. என்று மட்டும் குறிப்பிடுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர். அடுத்த கட்டமாக, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கம்பளத்தில் பரப்பி மலைநாடாக்கி இரண்டு படைகள் மோதின. பிறகு விதிகள் சேர்ந்தன: காலாட்படை ஒரு நகர்வில் ஓர் அடி, குதிரைப்படை இரண்டடி, நகர்த்துவதற்குக் கடிகாரக் கணக்கு. இன்று உலகெங்கும் நடக்கும் சிற்றுருப் போர் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், இந்த நூலின் பிற்காலப் பதிப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதினார்.

நிஜப் போர் எவ்வளவு மடத்தனம் என்று உணர இந்தத் தரைப்போரே போதும் என்பது வெல்ஸின் வாதம். மறுவருஷமே ஐரோப்பா பற்றி எரிந்தது. அவரோ, போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் இது என்று ஆதரித்து எழுதினார்!

பிரிட்டன் போர் அறிவித்த 1914 ஆகஸ்ட் 4 அன்றே வெல்ஸுக்கு இன்னொரு பையன் பிறந்தான். அம்மா, எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட். ஊருக்கு அஞ்சி, ஆன்டனி என்ற அந்தப் பையன் அம்மாவை அத்தை என்றும் அப்பாவை ‘வெல்ஸி’ என்றும் கூப்பிடப் பழக்கப்படுத்தப்பட்டான். வந்து வந்து போகும் அப்பாதான் அவனுக்குக் கிடைத்தார். வளர்ந்தபின் அந்தக் காயத்தை நாவலாகவே எழுதினான். தரையில் தவழ்ந்த அப்பாவைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

மேயர்கள் இருவரும் என்ன ஆனார்கள்? ஜிப் விலங்கியல் அறிஞரானார். ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அப்பாவோடும் ஜூலியன் ஹக்ஸ்லியோடும் சேர்ந்து ‘தி சயின்ஸ் ஆஃப் லைஃப்’ என்ற பெருநூலை எழுதினார். ஃபிராங்க் திரைப்படத் துறைக்குப் போனார். அவர்களுடைய விளையாட்டு இன்னும் எதிர்பாராத ஓரிடத்துக்கும் போனது. 1920களின் கடைசியில் லண்டனில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த மார்கரெட் லோவன்ஃபெல்ட், தாம் முன்பு படித்த ‘ஃப்ளோர் கேம்ஸ்’ நினைவில் சின்னச் சின்னப் பொம்மைகளை ஒரு பெட்டியில் சேர்த்துவைத்தார். மணல் தட்டில் அவற்றை வைத்துக் குழந்தைகள் தங்கள் உலகத்தைக் காட்டினார்கள். மனநல சிகிச்சையில் இன்றும் புழங்கும் மணல் தட்டு முறைக்கு அதுவே ஆரம்பம்.

இரண்டில் போர்ப் புத்தகத்துக்குத்தான் இன்றைக்கும் பேர் அதிகம். ஆனால் நல்ல புத்தகம் முதலாவதுதான். இரண்டுமே காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் சின்னப் பையனோ பெண்ணோ இருந்தால் ‘ஃப்ளோர் கேம்ஸ்’ படித்துப் பாருங்கள். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.