தேசப்பற்றும் சாய்ந்த சுவரின் சட்டமும்

 

பிறந்த நாட்டை நேசிப்பது ஈமானைச் சார்ந்தது என்ற கருத்தில் ஒரு வாசகம் நபிமொழி என்ற பெயரில் எம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. சுதந்திர தின மேடைகளில் அதனை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இமாம் ஸகானி போன்ற ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்துள்ளனர். ஆதாரமற்ற ஒன்றை அண்ணலாரின் பெயரால் கூறித்தான் நாட்டுப்பற்றை நிலைநாட்ட வேண்டும் என்ற தேவை எமக்கில்லை. மக்காவை விட்டு வெளியேற நேர்ந்தபோது, தம் சமூகத்தார் வெளியேற்றியிராவிட்டால் அம்மண்ணைப் பிரிந்திருக்கமாட்டேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அந்நகரை நோக்கி உருகிப் பேசியதைத் திர்மிதி பதிவு செய்கின்றது. பயணத்திலிருந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும், அதன் மீதுள்ள அன்பினால் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள் என அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. இவையே போதுமானவை.

அந்த நேசம் என்ன செய்தது என்பதைத்தான் நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. மதீனாவின் இரு கருங்கற் பரப்புகளுக்கு இடைப்பட்ட நிலம் ஹரமாக்கப்பட்டது. அங்கே மரம் வெட்டலாகாது, வேட்டையாடலாகாது எனச் சட்டமாயிற்று. நகீஃ என்னும் மேய்ச்சல் நிலம் ‘ஹிமா’ எனும் காப்பு நிலமாக ஒதுக்கப்பட்டது. ஊரை நேசித்தவர்கள் அதன் புல்லையும் மரத்தையும் சட்டத்தால் காத்தார்கள். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு எமது நாட்டின் ஒரு மலைச்சரிவுக்கு வாருங்கள்.

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் கொஸ்லந்த இருக்கின்றது. மத்திய மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் விளிம்பு அது. அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகின்றது. அதற்கு நீர் தரும் பூனாகலை ஓயா குடா ஓயாவோடு சேர்ந்து, பின்னர் கிரிந்தி ஓயாவாகி, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தையும் திஸ்ஸமகாராம வயல்களையும் கண்டு கடலில் கலக்கின்றது. கிரிந்தையில் வாழும் எம் மலாய்ச் சகோதரர்களின் ஊரருகே கடலைச் சேரும் நீரில் ஒரு பங்கு கொஸ்லந்த மலையில் பெய்த மழை. மேலே ஒரு காடு அழிந்தால் அதன் கணக்கு கீழே நெடுந்தூரம் செல்கின்றது.

ஊவாவின் வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் பங்குண்டு. கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் தவளம் மாடுகளில் ஏற்றி மலையேறியவர்களுள் எம் முன்னோர் பலர். 1817இல் வெல்லஸ்ஸயில் ஹாஜி மரைக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்ததும், கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றதும் அவ்வாண்டில் மூண்ட பெருங்கிளர்ச்சியின் தொடக்க நிகழ்வுகளாகும். இதனை மறைக்கவும் வேண்டியதில்லை, மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. ஆளுநர் பிரவுண்ரிக்கின் படைகள் அக்கிளர்ச்சியை அடக்கிய விதமே இங்கு எமக்கு முக்கியம். வீடுகள் எரிக்கப்பட்டன, விளைச்சல் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன. ஷாமுக்குப் படை அனுப்பியபோது பழமரங்களை வெட்ட வேண்டாம், உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்க வேண்டாம் என்று அபூபக்ர் (ரழி) அவர்கள் இட்ட கட்டளையை முவத்தாவில் ஓதிய ஒருவருக்கு 1818ஆம் ஆண்டின் ஊவாவை வாசிப்பது எளிதன்று.

போர் அழித்தது ஒருபுறமிருக்க, சட்டம் அழித்தது அதனிலும் அதிகம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாகக் கருதியது. அக்காலத்தில் ஏக்கர் 5 சிலிங்கிற்கும் நிலம் விற்கப்பட்டது. கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, அதே சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. அந்நிய ஆட்சியாளரே செய்த நல்ல காரியம் அது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் கொஸ்லந்தையைச் சூழ்ந்த சரிவுகளில் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழே கிடந்தது.

காட்டை வெட்டிய கைகளும், பின்னர் மண் கரையாதிருக்கக் கான் வெட்டிக் கல் அடுக்கிய கைகளும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகளே. அவர்களுக்கு லயன் அறைகள் எங்கே அமைய வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையால் பங்கிட்டது. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது. மலையை அரை நூற்றாண்டுக்கு மேல் காத்தவர்களை நாட்டவர் என ஏற்காத ஒரு தேசப்பற்றை எந்தப் பெயரால் அழைப்பது?

இப்போது மீரியபெத்தவுக்கு வருவோம். கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள அத்தோட்டப் பிரிவு மண்சரிவு அபாயத்திற்குரியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பல பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட வேளையில், மழையில் ஊறிய மலை இறங்கி வந்து லயன்களையும் கோயிலையும் மூடியது. முதலில் நூற்றுக்கணக்கானோர் எனப்பட்டது. இறுதியில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் 30க்கும் மேற்பட்டோர் எனத் தெரிந்தது. பலருடைய உடல்கள் எடுக்கப்படவேயில்லை. பள்ளிக்கூடம் சென்றதனால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

இதனைக் கழாகத்ர் என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. கழாகத்ரை நாமும் நம்புகின்றோம். ஆனால் எமது ஃபிக்ஹ் நூல்கள் விதியோடு நின்றுவிடவில்லை. அவற்றில் ‘சாய்ந்த சுவர்’ பற்றிய ஒரு பாடம் உண்டு. அரபுக் கல்லூரிகளில் ஓதி, பரீட்சை எழுதி, பின்னர் மறந்துவிடும் பாடங்களுள் அதுவும் ஒன்று. ஒருவருடைய சுவர் பொதுவீதியை நோக்கிச் சாய்கின்றது. அதனை இடித்துவிடுமாறு அவரிடம் கேட்கப்படுகின்றது, அதற்குச் சாட்சியும் வைக்கப்படுகின்றது. இடிப்பதற்குப் போதிய அவகாசமும் ஆற்றலும் இருந்தும் அவர் விட்டுவிட, சுவர் வீழ்ந்து ஓர் உயிரைக் கொன்றால், அவ்விழப்புக்கு ஈடுசெய்யும் பொறுப்பு அவர் தரப்பைச் சாரும் என ஹனஃபி நூலான ஹிதாயா கூறுகின்றது. எமது ஷாஃபிஈ மத்ஹபில் நுணுக்கம் வேறு: தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் பொறுப்பு உண்டு; நேராகக் கட்டிப் பின்னர் சாய்ந்திருந்தால் இல்லை என்பதே வலுவான கூற்று. திருத்த இயன்றும் விட்டிருந்தால் பொறுப்பு உண்டு என்ற மற்றொரு கூற்றையும் இமாம் நவவி மின்ஹாஜில் குறிப்பிட்டுள்ளார்கள்.

செங்குத்துச் சரிவின் அடியில் குடும்பங்களை வரிசையாகக் குடிவைத்தது, என் கருத்தில், தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டப்பட்ட சுவர்தான். அப்படியாயின் இரு மத்ஹபுகளுக்கும் இங்கே முரண்பாடில்லை.

மீரியபெத்த மக்களுக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டதே, அவர்கள்தாம் எழுந்து போகவில்லை என்று அந்நாட்களில் பலர் பேசினர். ஹிதாயா இதற்கும் பதில் வைத்திருக்கின்றது. சுவரை இடிக்கும் அதிகாரமில்லாத வாடகைக்காரரிடமும் குடியிருப்பவரிடமும் சொல்வது முன்னறிவித்தலாகாது. அதிகாரமுள்ளவரிடமே சொல்லப்பட வேண்டும். லயன் அறை தொழிலோடு பிணைந்தது. காணி உறுதி இல்லை. மாற்றுக் காணி காட்டப்படாமல் எழுந்து போ என்பது, கூலியையும் கூரையையும் ஒன்றாக விடு என்பதாகும். அதே மக்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016இல். காணி கொடுக்க முடிந்திருக்கிறது. உயிர்கள் போன பின்னரே முடிந்திருக்கிறது.

சுற்றாடலைக் காப்பது என்றதும் ஏழையை விரட்டுவது என்று பொருள்கொள்ளும் அதிகாரிகளுக்கு உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஒரு பாடம் உண்டு. தாம் அமைத்த ஹிமாவுக்கு ஹுனை என்ற பணியாளரைப் பொறுப்பாக்கியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவரை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் (ரழி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் அவர்கள் பணித்ததை புகாரியில் காண்கின்றோம். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு வேறு கதி இல்லை என்பதே கலீஃபா சொன்ன காரணம். அந்த நிலம் அங்குள்ளோரின் நிலம், அதற்காகவே அவர்கள் போராடியிருந்தார்கள் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை.

எமது அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாத்து அதன் வளங்களைப் பேணுவதை ஒவ்வொருவரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம், அரசு இயற்கை வளங்களின் உரிமையாளரன்று, மக்களுக்காக அவற்றைக் காப்பவரே என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்குக் கூறிய அறிவுரையை நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க அதில் நினைவுகூர்ந்தார். நாம் அமானிதம் என்பதைத்தான் அவர் தம் மரபின் சொல்லில் சொன்னார். அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் யார்? அமைச்சர்களல்லர். அவ்வூர் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியுமே.

மீரியபெத்தவுக்குப் பின்னரும் மலை இறங்கியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகல தோட்டத்தில் லயன்கள் சரிந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளையும் கண்டியும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அடங்கும். அபாய வலயத்தில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் விழித்திருக்கின்றன. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பள்ளிவாசல்களின் நிர்வாகிகள், இது தோட்டத்து மக்களின் பிரச்சினை, அவர்கள் வேறு சமயத்தவர், நாம் எப்படிப் பேசுவது என்று கேட்கக்கூடும். சாய்ந்த சுவரை இடிக்கக் கோரும் உரிமை யாருக்கு உண்டு என்பதையும் ஹிதாயா அதே பாடத்தில் எழுதி வைத்திருக்கின்றது. கோருபவர் முஸ்லிமாயினும் முஸ்லிமல்லாதவராயினும் சமமே. ஏனெனில் அந்த வீதியில் நடக்கும் உரிமையில் மனிதர் அனைவரும் பங்காளிகள்.